கொட்டிலில் நிற்கும் மைனரும் லண்டனிலிருந்து வரவிருக்கும் பெட்டியும்

கேள்வி: நான் கோண்டாவிலைச் சேர்ந்தவன். வயது 29, கணினி வேலை. லண்டனில் இருக்கும் மாமா, இரண்டு பேர் இருக்கக்கூடிய திறந்த கார் ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிப் பெட்டியில் அனுப்புகிறேன், நீயே வீட்டில் பூட்டு என்கிறார். பாகங்களாக வந்தால் காருக்குரிய வரி இல்லை என்றும் சொல்கிறார். எங்கள் வளவில் அப்பப்பாவின் மொரிஸ் மைனர் 1000 ஒன்று 20 வருடத்துக்கு மேலாக ஓடாமல் நிற்கிறது. அதன் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இந்தக் காருக்குப் பூட்டலாமா? மைனரின் நம்பரிலேயே ஓடலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு வெல்டிங் தெரியாது. ஒரு வருடத்தில் முடியுமா? வளவு பழைய இரும்புக்கடை ஆகிவிடும் என்று அம்மா பயப்படுகிறா.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு இளம்பிள்ளை தன் கையால் கார் ஒன்றைப் பூட்ட ஆசைப்படுவது எனக்குப் பெரிய சந்தோஷம். 40 வருடமாகக் கராச்சில் நிற்கிறேன், சில காலம் பிள்ளைகளுக்கு மோட்டார் வேலை படிப்பித்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: செய்யுங்கள். ஆனால் முதலில் கடதாசி வேலை, அடுத்தது மைனர், அதற்குப் பிறகுதான் பெட்டி. இந்த ஒழுங்கை மாற்றினால் உங்கள் அம்மா பயப்படுவதுதான் நடக்கும். பாதியில் நின்றுபோன கார்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட ஆளுக்குக் கைவேலை தெரியாததால் நின்றதில்லை. பின்னால் செய்யவேண்டியதை முன்னால் செய்ததால்தான் நின்றன.

வரி விஷயத்தில் மாமா சொல்வது ஒரு காலத்தில் இங்கிலாந்தில் உண்மையாக இருந்தது. 1957இல் கொலின் சாப்மன் லோட்டஸ் செவன் என்ற காரைக் கொண்டுவந்தபோது, முழுக் காருக்குக் கொள்வனவு வரி இருந்தது, பாகங்களாக வாங்கினால் இல்லை. அதனால்தான் அங்கே வீட்டில் கார் பூட்டும் பழக்கம் அப்படிப் பரவியது. 1973இல் வற் வரி வந்ததோடு அந்தச் சலுகை போய்விட்டது. அதே வருடம் செவனின் உரிமையும் கேட்டர்ஹாம் கைக்கு மாறியது. மாமா வாங்க நினைக்கும் கார் அநேகமாக அந்தச் செவனின் வழியில் வந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

இலங்கைச் சுங்கத்தில் கதை வேறு. பொருட்களை வகைப்படுத்த உலக நாடுகள் பொதுவாக வைத்திருக்கும் சுங்க முறையில் ஒரு விதி இருக்கிறது: கழற்றிய நிலையில் வந்தாலும், முழுப் பொருளின் முக்கிய தன்மை அதில் இருந்தால் முழுப் பொருளாகவே கணக்கிடலாம். சேசி என்ற அடிச்சட்டம், பொடி, ஸ்டியரிங், சில்லு எல்லாம் ஒரே பெட்டியில் வந்தால் அதைப் பார்க்கும் அதிகாரி "இது ஒரு கார்" என்று சொல்ல முழு இடம் உண்டு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2025இல்தான் திரும்பத் திறக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட நாட்டில் "பாகம்தானே" என்று நம்பி மாமா காசு கட்டக்கூடாது. பெட்டிக்குள் வரும் சாமான்களின் முழுப் பட்டியலை முதலில் எடுங்கள். அதை உரிமம் பெற்ற சுங்க முகவர் ஒருவரிடம் காட்டுங்கள். இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடமும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன பதில் உங்களைக் காப்பாற்றாது. எழுத்தில் பதில் வராமல் அந்தப் பெட்டி கப்பல் ஏறக்கூடாது.

மைனரின் நம்பர் தகட்டைப் புதுக் காரில் பூட்டி ஓடலாம் என்று சொன்னவர் உங்களுக்கு நல்லது சொல்லவில்லை. அந்த நம்பர் அந்தச் சேசி இலக்கத்துக்கு உரியது. மைனருக்குத் தனிச் சேசி கிடையாது, பொடியும் சேசியும் ஒன்றாக வார்த்ததுபோல் ஒட்டியது. எனவே "பொடியை மட்டும் மாற்றினேன்" என்று சொல்லவும் வழியில்லை. ஒரு விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கதவைச் சாத்திவிடுவார்கள். அடிபட்டவரின் குடும்பத்துக்கு முன்னால் நீங்கள் தனியாகத்தான் நிற்கவேண்டும். அதைச் செய்யாதீர்கள். வீதியில் ஓட அனுமதி இல்லை என்றே எழுத்தில் பதில் வந்தால், அதற்குப் பிறகும் அந்தக் காரைப் பூட்டலாமா என்று யோசிப்பது உங்கள் விருப்பம். சொந்தக் காணிக்குள் ஓட்டுவதற்காக மட்டும் இவ்வளவு காசைப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, கடதாசிக்குப் பதில் வர மாதக்கணக்கு ஆகும். அந்த நேரத்தில் என்ன செய்வது? கொட்டிலுக்குப் போங்கள்.

அந்த மைனரை உடைத்துச் சாமான் எடுக்காதீர்கள். புக் இருக்கிற, பதிவு இருக்கிற ஒரு மைனர் இன்றைக்கு மதிப்பான பொருள். மதிப்பை விட்டாலும், கார் பூட்டப் பழகுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வந்த கார் அது. சாதாரண ஸ்பனர் தொகுதியோடு கடைசிச் சுரைவரை கழற்றலாம். உங்களுடையது மைனர் 1000 என்பதால் எஞ்சின் 948 சிசியாகவோ, 1962இன் கடைசிக்குப் பிறகு வந்ததென்றால் 1098 சிசியாகவோ இருக்கும். புக்கைப் பாருங்கள். பாகங்களுக்கும் பெரிய கஷ்டம் இல்லை. மைனருக்கான தகரப் பாகங்களை நம் நாட்டின் தெற்கிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் எஞ்சின் சாமான் கிடைக்கும். யாழ்ப்பாணத்துப் பழைய கராச்சுகளின் தட்டுகளில் இன்னும் என்னென்னவோ கிடக்கிறது. வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள், வயதான மெக்கானிக் ஒருவர் கண் கலங்கித் தேடித் தருவார்.

20 வருடம் நின்ற எஞ்சினை பற்றறி வைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பிஸ்டன் றிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் ஒரு இழுவையில் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, ஒரு கிழமை அப்படியே விடுங்கள். மைனருக்கு முன்பக்கம் ஸ்டார்ட்டிங் ஹாண்டில் போடும் துவாரம் இருக்கிறது. அதில் ஹாண்டிலைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றவேண்டும். பலம் பிரயோகிக்கக் கூடாது.

இன்னொன்றை அப்பாவிடம் கேளுங்கள்: 90களில் இந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியதா? பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் மருந்துபோல் இருந்தது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் அப்படித்தான் அந்த வருடங்களில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் றிங் வழியே கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். பெயரிங் தேயும், வால்வில் கரி ஏறும். உங்கள் மைனரும் அந்தக் காலத்தைக் கடந்து வந்ததென்றால், ஹெட்டைக் கழற்றாமல், அடியில் ஒயில் நிற்கும் சம்பைத் திறந்து பெயரிங்கைப் பார்க்காமல் ஓட்டத் தொடங்காதீர்கள். ஹெட்டைக் கழற்றியதோடு எக்ஸோஸ்ற் வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றிவிடுங்கள். இப்போது கிடைப்பது ஈயமில்லாத பெற்றோல், பழைய இருக்கைகள் அதற்குத் தாங்காது.

கீழே படுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள். பின் ஸ்பிறிங் பொடியோடு சேரும் இடம் ஒன்று, நடுவில் குறுக்கே போகும் உருக்குப் பெட்டி மற்றது. ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள், உள்ளே போனால் அது தகரமல்ல, துரு. பிறகு முன்சில்லைத் தாங்கும் ட்ரனியன். கிறீஸ் இல்லாமல் அதன் மரை தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடிந்துவிழும். மைனர் வைத்திருந்த பழையவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. பிறேக்கில் ரப்பர் என்று இருப்பதெல்லாம் புதிது போடவேண்டும். மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றும் அன்றைக்குக் கொஞ்சம் பொறுமை தேவை.

இதையெல்லாம் ஒருமுறை உங்கள் கையால் கழற்றி, கழுவி, அளந்து, திரும்பப் பூட்டி, அந்த மைனர் வளவுக்குள் ஒரு சுற்று ஓடினால், மாமாவின் பெட்டியைத் திறக்கும்போது உங்கள் கை நடுங்காது. கிட் கார், அதாவது மாமா சொல்வதுபோல் பாகத் தொகுதியாக வாங்கிப் பூட்டும் கார், அதில் இருக்கும் வேலைகளில் அநேகமானவை மைனரிலேயே இருக்கின்றன.

அப்புறம், மைனர் எஞ்சின் இந்தக் காருக்குப் பொருந்துமா என்ற கேள்வி. அது முட்டாள்தனமான யோசனை இல்லை. முதல் செவனுக்குப் போட்டது 1172 சிசி போர்ட் எஞ்சின். ஆனால் கொஞ்சக் காலத்திலேயே மைனரில் இருக்கும் அதே 948 சிசி ஏ-சீரீஸ் எஞ்சினோடும் செவன் வந்தது. 500 கிலோ சொச்சம் எடையுள்ள காருக்கு 1098 சிசியின் 48 குதிரைவலு தாராளம். ஆனாலும் வேண்டாம் என்கிறேன். மாமா பார்த்து வைத்திருக்கும் கிட், அநேகமாகப் போர்ட் எஸ்கோர்ட், போர்ட் சியெரா, மஸ்டா எம்எக்ஸ்-5 இவற்றில் ஏதாவது ஒன்றின் எஞ்சின், பின்அச்சு, ஸ்டியரிங் எல்லாம் பூட்டுவதற்கென்றே வடிவமைத்ததாக இருக்கும். அதில் மைனர் எஞ்சினை வைக்க வேண்டுமென்றால் எஞ்சின் தாங்கி, கியர்பொக்ஸ் தாங்கி, புறொப்பெலர் சாவ்ற், கிளச் வழி, சைலன்சர் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவேண்டும். ஒவ்வொன்றும் ஒரு மாதம். மாமாவிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கிட் எந்தக் காரின் பாகங்களுக்கு வடிவமைத்தது? அந்தப் பாகங்களை அங்கேயே, ஒரே காரிலிருந்து, முழுத் தொகுதியாக வாங்கித் தரமுடியுமா? முன் பிறேக் ஒரு காரில், பின் பிறேக் இன்னொரு காரில் என்று கலந்தால் அமத்தும்போது பின்சில்லு முதலில் சுற்றாமல் இறுகிக்கொண்டு கார் சுழலும். முன்சில்லுதான் முதலில் இறுகவேண்டும்.

இங்கேயே கிடைக்கும் பாகங்களில் கட்டத்தான் வேண்டும் என்றால், பின்சில்லு இழுக்கும் பழைய கொரோலாவின் 4கே எஞ்சினையும் கியர்பொக்ஸையும் நினைத்துப் பாருங்கள். 1290 சிசி, சாமான் மூலைக்கு மூலை கிடைக்கும், பூட்டத் தெரியாத மெக்கானிக் இல்லை. ஆனால் அதற்கேற்ற சேசியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அந்தப் பேச்சு.

இடம் பற்றி. செவன் வகைக் கார் சிறியது, நீளம் 3.3 மீற்றர், அகலம் 1.6 மீற்றர் அளவு. ஆனால் அதைச் சுற்றி நடக்கவேண்டும், கழற்றிய பாகம் வைக்கவேண்டும். 20 அடிக்கு 14 அடி கொட்டில் போதும், நிலம் மட்டும் சமமான கொங்கிறீற்றாக இருக்கவேண்டும். மணலில் ஜாக்கி வைத்து அடியில் படுக்கவேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஜாக்கியை நம்பாமல் எப்போதும் இரண்டு ஸ்டாண்ட் வையுங்கள். அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுங்கள்: கொட்டிலுக்கு வெளியே ஒரு பாகமும் வராது, பழைய ஒயில் ஒரு துளியும் மண்ணில் ஊற்றமாட்டேன். நம் குடாநாட்டில் கிணறுதான் உயிர். கீழே இருக்கும் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் நிறைய, மேலே ஊற்றியது சீக்கிரம் தண்ணீருக்குப் போய்ச்சேரும். ஒயிலைக் கானில் சேர்த்து, பழைய ஒயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

பெட்டி வந்த அன்றே திறந்து, பட்டியலோடு ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஆறு மாதம் கழித்து "ஒரு கிளாம்ப் குறைகிறது" என்றால் லண்டனில் யாரும் கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு பையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். மைனரின் போல்ட்டும் கிட்டின் போல்ட்டும் ஒரு தட்டில் கலக்கவே கூடாது. மைனரில் இருப்பது அங்குல அளவு, கிட்டில் அநேகமாக மில்லிமீற்றர் அளவு. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர், 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மரை மட்டும் வேறு. ஒன்றுக்கு மற்றதன் நட் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகியதுபோல் இருக்கும், மரை அறுந்துகொண்டிருக்கும். மைனருக்குச் சிவப்புத் தட்டு, கிட்டுக்கு நீலத் தட்டு என்று வைத்துவிடுங்கள்.

சேசியை வைத்ததும், வேறு எதையும் தொடமுன், சஸ்பென்சன் பூட்டும் புள்ளிகளுக்கிடையே மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இடது முன்னிலிருந்து வலது பின்னும், வலது முன்னிலிருந்து இடது பின்னும் ஒரே அளவாக வரவேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் படம் எடுத்து அனுப்பியவருக்கு எழுதுங்கள். கப்பலில் அடிபட்டிருக்கலாம்.

இனி, இந்தக் கடிதத்தில் நீங்கள் மறக்கவே கூடாத இடத்துக்கு வருகிறேன். முழுக் காரையும் பெயின்ற் இல்லாமல், பச்சை உருக்காகவே முதலில் ஒருதரம் பூட்டுங்கள். சஸ்பென்சன், சில்லு, எஞ்சின், கியர்பொக்ஸ், ஸ்டியரிங், பிறேக் குழாய், பெற்றோல் தாங்கி, இருக்கை, பொடி எல்லாம். எல்லாத் துளையும் போட்டு, எல்லாத் தாங்கியும் வைத்து, நான்கு சில்லில் கார் நிற்கட்டும், ஸ்டியரிங்கை முழுக்க இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எல்லாம் சரி என்ற பிறகு திரும்ப முழுவதையும் கழற்றி, அதற்குப் பிறகுதான் பெயின்ற். இது இரட்டை வேலைபோல் தெரியும். 2003இல், ஏ9 வீதி திறந்து ஒரு வருடம் கழித்து, நானும் ஒரு நண்பரும் அவருடைய தோட்டக் காணிக்குள் ஓட்ட ஒரு திறந்த கார் கட்டினோம். அவசரத்தில் சேசிக்கு முதலிலேயே அழகாகப் பெயின்ற் அடித்துவிட்டோம். பிறகு பிறேக் குழாய்க்கு எங்கள் மனதில் இருந்த வழி கிடைக்கவில்லை. புதுப் பெயின்ற்றில் துளை போட மனம் வராமல், ஏற்கெனவே இருந்த ஒரு துளை வழியே சைலன்சர் குழாய்க்குப் பக்கமாகக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள், நண்பர் ஓட்டிவரும்போது பிறேக் ஒயில் அந்தச் சூட்டில் கொதித்து, பெடல் தரைக்குப் போய்விட்டது. கதியால் வேலியில் மோதித்தான் நின்றது. அவருடைய மகள் பக்கத்து இருக்கையில் இருந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த மத்தியானம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

ஆகவே பிறேக்கைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மாஸ்டர் சிலிண்டர் இரட்டை வழி உள்ளதாக இருக்கட்டும், ஒரு குழாய் போனாலும் மற்றது பிடிக்கும். மைனரில் இருப்பது ஒற்றை வழி, அதைக் கிட்டுக்கு எடுக்கவேண்டாம். குழாயை ஆறு ஏழு அங்குலத்துக்கு ஒரு கிளிப் போட்டு இறுக்குங்கள், சைலன்சருக்கும் ஓடும் பாகத்துக்கும் கிட்டப் போகாமல் தள்ளியே வையுங்கள். ரப்பர் ஹோஸை, சில்லு முழுக்கத் திரும்பியபோதும், சில்லு முழுக்கத் தொங்கும்போதும் பாருங்கள், இழுபடவோ உரசவோ கூடாது. பூட்டி முடிந்ததும் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே எடுத்து, பெடலை முழுப் பலத்தோடு அமத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. பிறேக் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஸ்டியரிங் தண்டை வெட்டி ஒட்டி நீளம் சரிசெய்ய யாரையும் விடாதீர்கள், எவ்வளவு கெட்டிக்கார வெல்டராக இருந்தாலும். அதற்கென்று பற்கள் வெட்டிய தண்டும் இணைப்பும் வாங்கலாம். சஸ்பென்சனிலும் ஸ்டியரிங்கிலும் 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டுக்குக் குறைவாக எதுவும் வேண்டாம், உள்ளே நைலோன் வளையம் உள்ள நைலொக் நட்டை ஒருமுறை கழற்றினால் எறிந்துவிடுங்கள். கிட்டோடு வரும் புத்தகத்தில் இறுக்கும் அளவு இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். இல்லாத இடத்தில் 8.8 போல்ட்டுக்குப் பொதுவாக 8 மில்லிமீற்றருக்கு 25, 10 மில்லிமீற்றருக்கு 45 முதல் 50, 12 மில்லிமீற்றருக்கு 80 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்குவோம். இறுக்கியதும் நட்டிலிருந்து தகரத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வெல்டிங் தெரியாது என்பதில் வெட்கம் இல்லை. சேசி ஒட்டிய நிலையில்தான் வரும், உங்களுக்கு வேண்டியது சில தாங்கிகள்தான். ஆனால் கேற்றும் கிறில்லும் நன்றாகச் செய்பவர் காரும் நன்றாகச் செய்வார் என்று நினைக்காதீர்கள். மேலே அழகாகப் படிந்து உள்ளே இறங்காத ஒட்டு கேற்றுக்குப் போதும். யாரிடம் கொடுக்க நினைக்கிறீர்களோ அவரிடம், 25 மில்லிமீற்றர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீற்றர் தடிப்பு, இரண்டு துண்டை ஒட்டித் தரச் சொல்லுங்கள். வைஸில் பூட்டிச் சுத்தியலால் மடியும்வரை அடியுங்கள். குழாய் கிழிந்தால் அவர் உங்கள் ஆள். ஒட்டு விட்டால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

உப்புக்காற்று நமக்குள்ள தனிப் பிரச்சினை. செவன் வகைக் காரின் பக்கத் தகடுகள் அலுமினியம், சேசி உருக்கு. இரண்டும் நேரடியாகத் தொட்டு, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். தகடு தொடும் எல்லா இடத்திலும் பொலியூறிதேன் சீலன்ற் பூசி, அதற்கு மேல் அலுமினிய றிவெற் அடியுங்கள். சேசிக்குப் பவுடர் கோட்டிங் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் ஒரு கல் பட்டு உடைந்தால் அதன் அடியில் துரு ஊர்ந்து போவது தெரியாது. எப்பொக்சி பிறைமரும் அதற்கு மேல் சாதாரண எனாமலும்தான் என் விருப்பம், எங்கே உரிந்தாலும் அன்றைக்கே தொட்டுவிடலாம்.

முன்மூக்கும் மட்காட்டும் பைபர் கிளாஸ். அது வெடித்தால் லண்டனுக்கு எழுதவேண்டாம், குருநகருக்குப் போங்கள். காரைநகரில் நோர்வேக்காரரின் உதவியோடு சீநோர் என்ற பைபர் வள்ளத் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலிருந்து நம் கரையோர மக்களுக்கு இந்த வேலை கைவந்தது. ஒரு வள்ளத்தின் அடியைத் திருத்துபவருக்கு உங்கள் மட்காட் விளையாட்டுப் பொருள். நீங்களே செய்வதென்றால் ரெசினுக்கு ஹார்ட்னர் எடையில் 1 முதல் 2 சதவீதம். நம் வெயிலுக்கு 1 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்று, விடியற்காலையில் செய்யுங்கள், மத்தியானத்தில் பைபர் பாயைப் போட்டு முடிக்கமுன் வாளிக்குள்ளேயே இறுகிவிடும். ஒரு எச்சரிக்கை: ஹார்ட்னரையும், ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தையும் தனியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் கரைத்துக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர்.

பைபரில் மின்சாரம் ஓடாது என்பதைப் பலர் வயறிங் முடிந்த பிறகுதான் உணர்கிறார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் வயரைத் தனியாகச் சேசிவரை இழுக்கவேண்டும். எல்லா வழிக்கும் பியூஸ் போடுங்கள், பற்றறிக்கு ஒரு துண்டிக்கும் சுவிச் போடுங்கள். மைனரில் பற்றறியின் பொசிற்றிவ்தான் பொடியோடு பூட்டியிருக்கும். இன்றைய கார்களுக்கு நேர்மாறு. அது தெரியாமல் புது றேடியோவோ சார்ஜரோ பூட்டினால் எரிந்துபோகும்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மைனருக்கும் சரி, கிட்டுக்கும் சரி. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர், இல்லையென்றால் பற்றறித் தண்ணீர், அதோடு கூலன்ற். குளிர் நாட்டுக்குச் செய்த கிட்டில் விசிறி சிறிதாக இருக்கும், நல்லூர்த் திருவிழா நாட்களில் ஊர்ந்து போகும்போது ஊசி சிவப்புக்குப் போகும். ஒரு அளவு பெரிய விசிறியை மாமாவிடமே கேட்டு வாங்குங்கள்.

இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய காருக்கு நம்பர் கிடைக்குமுன் ஐவிஏ என்ற சோதனை உண்டு. அதன் வழிகாட்டிப் புத்தகம் யாரும் எடுக்கக்கூடியது. இங்கே அதற்குச் சட்ட வலு இல்லை, ஆனாலும் சீற் பெல்ட் எங்கே பூட்டுவது, எந்த விளிம்பு கூராக இருக்கக்கூடாது, பிறேக் எப்படி இருக்கவேண்டும் என்று அதில் ஒவ்வொன்றாக இருக்கிறது. அதை அச்சடித்துக் கொட்டில் சுவரில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகக் கோடு போடுங்கள். கட்டி முடிந்ததும் நம்மூரில் வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து, நீங்கள் பக்கத்தில் நிற்காமல், முழுக் காரையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் கண் நாம் செய்ததை மன்னித்துவிடும்.

ஒரு வருடத்தில் முடியுமா? மைனருக்கு ஒரு வருடம், கிட்டுக்கு இரண்டு. சனி ஞாயிறில் மட்டும் வேலை செய்பவருக்கு இதுதான் நேர்மையான கணக்கு. காசையும் ஒரேயடியாக ஒதுக்கவேண்டாம், ஆனால் மனதில் நினைத்த தொகையின் பாதியை அதற்கு மேல் தனியாக வையுங்கள். ரயர், பற்றறி, ஒயில், கூலி என்று யாரும் பட்டியலில் எழுதாதவைதான் கடைசியில் காசைத் தின்னும்.

இந்தச் சனிக்கிழமை செய்யவேண்டியது: மைனரின் புக்கைத் தேடி எடுங்கள், வரிப்பத்திரம் கடைசியாக எந்த வருடம் எடுத்தது என்று பாருங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி ஒயில் விடுங்கள். அடுத்த சனிக்கிழமை ஸ்டார்ட்டிங் ஹாண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் எனக்கு எழுதுங்கள். சுற்றாவிட்டாலும் எழுதுங்கள், ஒட்டிய பிஸ்டனை உடைக்காமல் எடுக்க வழி இருக்கிறது.